‘வேகமாக இருக்க வேண்டும்’ என்பதை எப்படி எழுதுவது? தரத் தேவைகளுக்கு ஐந்து வழிகள்

ஒரு மென்பொருள் ப்ராஜெக்ட்டின் தேவை ஆவணம் கையெழுத்துக்குப் போகும்போது அதன் கடைசிப் பக்கங்களில் ‘தரத் தேவைகள்’ என்று ஒரு பகுதி இருக்கும். மென்பொருள் வேகமாக இயங்க வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும், எந்நேரமும் கிடைக்க வேண்டும். பெரும்பாலும் முந்தைய ப்ராஜெக்ட்டின் ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியதுதான். கூட்டத்தில் யாரும் அதை மறுத்துப் பேசமாட்டார்கள். மறுக்க அதில் என்ன இருக்கிறது? அதனாலேயே அந்தப் பகுதி டெவலப்பருக்கும் எதையும் சொல்வதில்லை, டெஸ்டருக்கும் சோதிக்க எதையும் தருவதில்லை.

இந்த இடத்தை உருப்படியாக நிரப்பப் பல முறைகள் உண்டு. ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்: இப்போதைக்கு விட்டுவிட்டு பேக்லாக்கில் (இனிச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) பார்த்துக்கொள்வது, ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பின் தர மாதிரியைச் செக்லிஸ்டாக வைத்து ஓட்டுவது, தர சினாரியோ எழுதுவது, டாம் கில்ப் உருவாக்கிய பிளாங்குவேஜ், கடைசியாக சாஃப்ட்கோல் வரைபடம். ஒரு முறையிடம் நான் எதிர்பார்ப்பது இரண்டுதான். அது ஒரு எண்ணை வரவழைக்க வேண்டும். ஒன்றோடொன்று முட்டும் ஆசைகளை, டிசைன் இறுகிப்போகும் முன்பே மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

எண் மட்டும் போதுமா என்றால் போதாது. மென்பொருள் பொறியியல் அறிஞர் பேரி போம் பதிவு செய்த ஒரு சம்பவம் இந்தத் துறையில் பலருக்கும் தெரிந்ததே. 1980களின் தொடக்கத்தில் டிஆர்டபிள்யூ நிறுவனம் ஒரு பெரிய அரசு அமைப்புக்கு, 1,000 பேருக்கு மேல் பயன்படுத்தும் தகவல் தேடல் அமைப்பு ஒன்றைக் கட்டும் வேலையை எடுத்தது. ஒரு விநாடிக்குள் பதில் வர வேண்டும் என்று தேவையிலேயே எழுதியிருந்தது. தேவைகள் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு நீண்ட பிறகுதான், அந்த ஒரு விநாடியை எட்டும் கட்டமைப்புக்கு ஏறக்குறைய 10 கோடி டாலர் ஆகும் என்று தெரியவந்தது. பிறகு ஒரு முன்மாதிரியைப் பயனர்களிடம் கொடுத்துப் பார்த்ததில், 90 சதவீத வேளைகளில் 4 விநாடியே போதும் என்றாகிவிட்டது. அந்த 4 விநாடிக்கான செலவு சுமார் 3 கோடி டாலர். அங்கே எண் இருந்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது, அதைத் தளர்த்தினால் என்ன மிச்சம் என்று கேட்கும் வழிதான் இல்லை.

ஒப்பிட ஒரே எடுத்துக்காட்டை எல்லா முறைகளுக்கும் வைத்துக்கொள்வோம். மருத்துவமனை ஆய்வகத்தின் சோதனை முடிவுகளை மருத்துவரின் திரையில் காட்டும் ஒரு செயலி. கிளையன்ட் சொன்னது: “ரிசல்ட் உடனே தெரியணும், நோயாளி விவரம் வெளியே போகக்கூடாது, சிஸ்டம் எப்பவும் ஓடணும்.” இனி வரும் விநாடிகளும் சதவீதங்களும் இந்த எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை.

விட்டுவிட்டுப் பிறகு பார்ப்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடுபவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் பயன்படுத்தப்போகிறார்கள் என்றே தெரியாத ஒரு புதிய தயாரிப்புக்கு 99.99 சதவீத கிடைப்புநிலை (நிற்காமல் ஓடும் நேரத்தின் பங்கு) பற்றி முதல் மாதத்தில் விவாதிப்பது நேர விரயம். முதல் வடிவத்தை வெளியே விட்டு, எங்கே வலிக்கிறது என்று பார்த்து, அதை ஒரு ஸ்டோரியாகவோ (பயனரின் ஒரு தேவையைச் சொல்லும் சிறு குறிப்பு) ‘முடிந்தது’ என்பதன் வரையறையில் ஒரு வரியாகவோ சேர்ப்பது நியாயமான வழிதான். பெர்ஃபாமன்ஸ் டெஸ்ட்டை, ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதித்து வெளியிடும் பைப்லைனிலேயே வைத்திருக்கும் குழுவுக்கு இது நன்றாகவே பலன் தரும்.

ஆனால் எல்லாப் பண்பையும் ஒரேபோலத் தள்ளிப்போட முடியாது. நான் கேட்கும் கேள்வி இது: ஆறு மாதம் கழித்து இதைச் சேர்க்க நேர்ந்தால் எத்தனை டேபிள், எத்தனை ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) மாறும்? பட்டனின் நிறம் கண்ணுக்குத் தெளிவாக இல்லை என்றால் ஒரு மதியத்தில் சரிசெய்துவிடலாம். ஒரு தேடல் மெதுவாக இருந்தால் இண்டெக்ஸ் போட்டோ கேஷ் வைத்தோ ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் ஒரே செயலியைப் பல மருத்துவமனைகள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது பிறகு தெரியவந்தால், எந்த வரி எந்த மருத்துவமனைக்குச் சொந்தம் என்ற அடையாளம் ஏறக்குறைய எல்லா டேபிளிலும் ஏற வேண்டும், எல்லாக் குவெரியையும் திருத்த வேண்டும். ஆடிட் பதிவு அதைவிட மோசம். யார் எந்த நோயாளியின் முடிவைத் திறந்தார் என்று முதல் நாளிலிருந்து பதிந்திருக்காவிட்டால், பிறகு எவ்வளவு செலவழித்தாலும் அந்தப் பழைய வரலாறு கிடைக்காது. புரோகிராமை மாற்றலாம், எழுதாத தரவை எங்கே போய்த் தேடுவது?

கிடைப்புநிலையும் இந்த வகையில்தான் சேரும். 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 8 மணி 46 நிமிடம் நின்றிருக்கலாம். 99.99 என்றால் 52 நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். முதலாவதில், இரவில் ஒருவருக்கு அழைப்பு போய், அவர் எழுந்து லேப்டாப்பைத் திறந்து சரிசெய்ய அவகாசம் இருக்கிறது. இரண்டாவதில் மனிதக் கைக்கு நேரமே இல்லை. ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று தானாக ஏற்க வேண்டும், டேட்டாபேஸ் இரண்டு இடத்தில் ஒத்திசைந்து ஓட வேண்டும், புதிய பதிப்பை நிறுத்தாமலே ஏற்ற வேண்டும். கூடுதலாக ஒரே ஒரு 9, ஆனால் கட்டமைப்பே வேறு.

ஆகவே பேக்லாக் வழி, திருப்பி எடுக்கக்கூடிய பண்புகளுக்கு மட்டும்.

செக்லிஸ்ட்

மெக்கால் 1977இல் முன்வைத்த தர மாதிரி, ஹெச்பியில் பிறந்த ஃபர்ப்ஸ், 1991இல் வந்த ஐஎஸ்ஓ 9126 என்று இதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. இன்று கையில் இருப்பது ஐஎஸ்ஓ/ஐஇசி 25010. 2011 பதிப்பில் எட்டுப் பெரிய பண்புகள் இருந்தன. 2023 திருத்தத்தில் உயிர், உடைமைக்கு ஆபத்து வராமல் காக்கும் ‘சேஃப்டி’ தனிப் பண்பாகச் சேர்ந்து ஒன்பதானது.

இதன் பயன் ஒன்றே ஒன்று: மறந்ததை நினைவூட்டும். ஆய்வகச் செயலிக்கு இந்தப் பட்டியலை ஓட்டினால், யாரும் பேசாத ஒன்று கண்டிப்பாகத் தட்டுப்படும். ஆய்வகக் கருவிகளின் மென்பொருளோடு ஒத்துப்போவது, அல்லது தவறான நோயாளியின் முடிவு திரையில் வரும் ஆபத்து. அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. பட்டியலின் ஒவ்வொரு துணைப்பண்பையும் தலைப்பாக்கி, அதன் கீழே இரண்டு வரி எழுதி நிரப்பும் ஆவணங்கள் ஏராளம். நாற்பது பக்கம் வரும். எண்ணும் இருக்காது, முன்னுரிமையும் இருக்காது. எல்லாம் முக்கியம் என்று சொல்லும் ஆவணத்தை, கட்டமைப்பை வகுக்கும் ஆர்க்கிடெக்ட் படிக்காமல் வைத்துவிடுவதில் வியப்பில்லை. அரை மணி நேரம் ஒரு சல்லடையாகப் பயன்படுத்திவிட்டு மூடிவைப்பதே சரி.

தர சினாரியோ

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் வளர்த்தெடுத்த வடிவத்தில் ஒரு சினாரியோவுக்கு ஆறு பகுதிகள்: தூண்டுபவர் யார், என்ன தூண்டுதல், எந்தச் சூழலில், அமைப்பின் எந்தப் பகுதி மீது, அது என்ன செய்ய வேண்டும், அதை எப்படி அளப்பது. “ரிசல்ட் உடனே தெரியணும்” என்பதை இதில் போட்டால் இப்படி வரும்: அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர், ஒரு நோயாளியின் ரத்தப் பொட்டாசியம் முடிவைத் திறக்கிறார். வார்டு ரவுண்ட்ஸ் நடக்கும் காலை நேரம், ஆய்வகக் கருவிகளும் அதே வேளையில் முடிவுகளைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. முடிவுகளைத் தேடித் தரும் சேவை, கடைசி முடிவை சாம்பிள் எடுத்த நேரத்தோடு காட்ட வேண்டும். 100இல் 95 முறை 2 விநாடிக்குள், 99 முறை 5 விநாடிக்குள்.

அளவை சராசரியாக எழுதாததற்குக் காரணம் உண்டு. சராசரி 2 விநாடி என்றால் பாதிப் பேருக்கு அரை விநாடியும் மீதிப் பேருக்கு மூன்றரை விநாடியும் ஆகலாம், கணக்கு சரியாகவே இருக்கும். இன்னொன்று: ஒரு திரை பத்து சேவைகளை அழைத்து, அவை ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு முறை மட்டும் தாமதித்தால்கூட, அந்தத் திரை ஏறக்குறைய பத்தில் ஒரு முறை தாமதமாகும். ஒவ்வொரு குழுவும் தன் பங்கு சரி என்று பச்சை நிற டாஷ்போர்டைக் காட்டும், மருத்துவர் மட்டும் காத்துக்கொண்டிருப்பார்.

ஆறு பகுதிகளில் உண்மையில் வேலை செய்வது ‘சூழல்’ என்ற ஒன்றுதான். மற்றவற்றை யாரும் எழுதிவிடுவார்கள். சூழலை நிரப்பும்போதுதான் பேச்சு சூடுபிடிக்கும். எல்லாம் நன்றாக ஓடும்போதா, பாதி உடைந்திருக்கும்போதா? ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் இடையே இணைப்பு அறுந்திருக்கும் சூழலை எடுத்துக்கொள்ளுங்கள்.

“லிங்க் போயிட்டா, கடைசியா வந்த ரிசல்ட்டைக் காட்டலாமா டாக்டர்?”

“காட்டுங்க. ஆனா எத்தனை மணி சாம்பிள்னு பெருசா போடுங்க. காலைல எடுத்த பொட்டாசியத்தைப் பாத்து நான் சாயங்காலம் மருந்து எழுதிடக்கூடாது.”

இந்த இரண்டு வரியில் மூன்று முடிவுகள் வந்துவிட்டன. இணைப்பு இல்லாதபோதும் வாசிக்க முடிய வேண்டும். அப்படியானால் வார்டு பக்கம் ஒரு நகல் இருக்க வேண்டும், அந்த நகலைப் பாதுகாக்கும் பொறுப்பும் கூடவே வரும். பழைய முடிவைப் பழையது என்று திரை சொல்ல வேண்டும், இது எந்த யூசர் ஸ்டோரியிலும் இல்லாத ஒரு புதிய செயல்பாடு. தரத்தைப் பற்றிக் கேட்கப்போய் செயல்பாடு கிடைப்பது இங்கே சாதாரணம். முதலில் செயல்பாடுகளை முடித்துவிட்டுப் பிறகு தரத்துக்கு வருவோம் என்ற வரிசை எனக்கு ஒப்பாததும் இதனால்தான்.

இதைக் கூட்டமாக நடத்த அதே கார்னகி மெல்லன் நிறுவனம் வகுத்ததுதான் தரப் பண்புப் பட்டறை. அதன் மூன்றாம் பதிப்பு அறிக்கை 2003இல் வந்தது. எட்டுப் படிகள்: தொழில் நோக்கத்தையும் கட்டமைப்புத் திட்டத்தையும் விளக்கிவிட்டு, சினாரியோக்களைச் சரமாரியாகச் சேர்த்து, ஒத்தவற்றை ஒன்றாக்கி, ஓட்டுப் போட்டு வரிசைப்படுத்தி, மேலே வந்த நாலைந்தை மட்டும் விரிவாக எழுதுவது. ஒன்றாக்கிய பிறகு மிஞ்சும் சினாரியோக்களில் 30 சதவீதம் எவ்வளவோ, அத்தனை ஓட்டுகள் ஒவ்வொருவருக்கும். 30 மிஞ்சினால் ஆளுக்கு 9 ஓட்டு. ஓட்டு தட்டுப்பாடாக இருப்பதுதான் இதன் சூட்சுமம். கையில் ஒன்பதே இருக்கும்போது, எல்லாம் முக்கியம் என்று சொல்ல முடியாது.

குறைகளும் சொல்ல வேண்டும். பல தரப்பினரை ஒரு முழு நாள் ஓர் அறையில் உட்காரவைப்பது எளிதல்ல, அதுவும் மருத்துவர்களை. மேலதிகாரி முதலில் ஓட்டுப் போட்டால் மீதி ஓட்டுகள் அவர் பின்னாலேயே போகும். ரகசியமாகவோ ஒரே நேரத்திலோ போடவைப்பது நல்லது. செக்யூரிட்டிக்கு இந்தப் பட்டறை அவ்வளவாக உதவுவதில்லை. அங்கே மிக முக்கியமான பங்கேற்பாளர் தாக்குபவர், அவரைக் கூட்டத்துக்கு அழைக்க வழியில்லை. அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி, அச்சுறுத்தல் வகைகளைக் கொண்டு ‘இதை ஒருவர் எப்படி ஏமாற்றுவார்’ என்று கேட்டுப் பார்ப்பதே பலன் தரும்.

முழு நாள் கிடைக்காத குழு, ஒரு மரம் வரைந்தும் தொடங்கலாம். பண்பு, அதன் கீழ் துணைப்பண்பு, இலையில் சினாரியோ. ஒவ்வொரு இலைக்கும் இரண்டு மதிப்பீடு: தொழிலுக்கு எவ்வளவு முக்கியம், கட்டுவதற்கு எவ்வளவு கடினம். இரண்டிலும் ‘அதிகம்’ வாங்கியவற்றை மட்டும் எண்ணோடு எழுதினால் போதும். முதலாவதை கிளையன்ட் சொல்ல வேண்டும், இரண்டாவதை ஆர்க்கிடெக்ட் சொல்ல வேண்டும். ஒருவரே இரண்டையும் நிரப்பினால் மரம் வெறும் படம்.

பிளாங்குவேஜ்

சினாரியோ ஒரு எண்ணில் நின்றுவிடுகிறது. கில்பின் முறை அந்த எண்ணைப் பிரித்துப்போடுகிறது. நம் எடுத்துக்காட்டில்:

பெயர்: முடிவு தெரியும் வேகம்.
அளவுகோல்: மருத்துவர் ‘திற’ என்பதை அழுத்தியதிலிருந்து முடிவு முழுதாகத் திரையில் வரும்வரை ஆகும் விநாடிகள், 95ஆம் சதமானம் (100இல் 95 முறை இதற்குள்).
அளக்கும் வழி: காலை நெரிசல் நேரத்தில், வார்டு டேப்லெட்டிலிருந்து, ஒரு வாரப் பதிவு.
இன்றைய நிலை: 11 விநாடி.
தோல்வி எல்லை: 5 விநாடி.
இலக்கு: 2 விநாடி.
ஆசை: அரை விநாடி.

இதில் ‘இன்றைய நிலை’ என்ற வரிக்காகவே இந்த முறையைப் பரிந்துரைப்பேன். இப்போது ஓடும் பழைய அமைப்பு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து பார்க்காமலே புதியதற்கு எண் எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அளந்து பார்த்தால், 11 விநாடியோடு பல ஆண்டுகள் ஓட்டியவர்களுக்கு 4 விநாடியே பெரிய மாற்றம் என்பது தெரியும். தோல்வி எல்லைக்கும் இலக்குக்கும் இடையே உள்ள தூரம் பேரம் பேசும் இடம். பட்ஜெட் இறுகும்போது எவ்வளவு இறங்கலாம் என்பது முன்பே எழுதியிருக்கும், நெருக்கடியில் யாரும் கத்த வேண்டியதில்லை. டிஆர்டபிள்யூ சம்பவத்தில் அந்த ஒரு விநாடிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு தோல்வி எல்லையைக் கேட்டிருந்தால், பேச்சு எவ்வளவோ முன்பே தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

குறை, இதை எழுத ஆகும் உழைப்பு. ஒரு பண்புக்கு அளவுகோலையும் அளக்கும் வழியையும் ஒத்துக்கொள்ளவே பாதி நாள் போகலாம். ‘பயன்படுத்த எளிது’ போன்றவற்றுக்கு அளவுகோல் கண்டுபிடிப்பதே தனிக் கலை. புதிதாக வந்த ஒரு நர்ஸ், உதவி இல்லாமல் முதல் முடிவைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கலாம், ஆனால் அந்த யோசனைக்கு வந்து சேர்வதற்குள் கூட்டம் இரண்டு முறை திசைமாறியிருக்கும். முப்பது பண்புக்கு இதைச் செய்ய நினைப்பவர் ஐந்தாவதில் களைத்துவிடுவார். பணத்தைத் தீர்மானிக்கும் மூன்று நான்கு பண்புகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் உழைப்புக்குத் தகுந்த பலன் உண்டு.

சாஃப்ட்கோல் வரைபடம்

மைலோபோலஸ், லாரன்ஸ் சுங் முதலியோர் 1990களில் உருவாக்கிய அணுகுமுறை இது. தர இலக்குகளை மேகம் போன்ற வடிவங்களாக வரைந்து, எந்த டிசைன் முடிவு எந்த இலக்குக்கு உதவுகிறது, எதைக் கெடுக்கிறது என்று கோடுகளால் இணைப்பார்கள். இலக்கை முழுமையாக எட்டினோமா என்று இது கேட்பதில்லை. போதுமான அளவு நிறைவேறியதா என்றுதான் கேட்கும். இந்தச் சிந்தனையை அவர்கள் பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

எண்ணைப் பொறுத்தவரை இந்த முறை பலவீனம். மோதலைப் பொறுத்தவரை இதுதான் பலம். ஆய்வகச் செயலியில், சிகிச்சை தரும் மருத்துவர் மட்டுமே முடிவைப் பார்க்கலாம் என்று பூட்டினால் ரகசியம் காக்கப்படும். ஆனால் நள்ளிரவில் மயங்கிய நிலையில் வரும் நோயாளிக்கு, பணியில் இருக்கும் மருத்துவர் அந்தப் பட்டியலிலேயே இருக்கமாட்டார். எல்லோருக்கும் திறந்துவிட்டால் அவசரத்துக்கு உதவும், ரகசியம் போகும். மூன்றாவது வழி, காரணத்தைப் பதிந்துவிட்டு யாரும் அவசரமாகத் திறக்கலாம், ஒவ்வொரு திறப்பும் மறுநாள் பரிசீலனைக்குப் போகும் என்பது. மருத்துவத் தகவல் அமைப்புகளில் இது பழகிய வழி. வரைபடத்தில் இந்த மூன்றையும் போட்டால், மூன்றாவது வழி ஆடிட் பதிவு என்ற இன்னொன்றைச் சார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். தினமும் அந்தப் பதிவைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதும் தெரியும். ஆள் இல்லாவிட்டால் அது திறந்துவிட்டதற்குச் சமம்.

ஆனால் எல்லாப் பண்புகளுக்கும் வரையத் தொடங்கினால் படம் சிலந்திவலையாகிவிடும், கிளையன்ட்டால் படிக்க முடியாது. ஒரு குறிப்பிட்ட மோதல் தீராமல் நிற்கும்போது, வெள்ளைப் பலகையில் ஒரு மணி நேரம் வரைந்து, எடுத்த முடிவையும் காரணத்தையும் பதிந்து வைத்தால் போதும். அப்படிப் பதிந்த காரணம், தணிக்கையாளர் வந்து ‘ஏன் எல்லோராலும் திறக்க முடிகிறது’ என்று கேட்கும் நாளில் கைகொடுக்கும்.

யாருக்கு எது

நாலைந்து பேர் கொண்ட குழு, சொந்தத் தயாரிப்பு, பயனர்கள் இன்னும் உறுதியாகவில்லை என்றால்: செக்லிஸ்ட் அரை மணி, பிறகு ‘எத்தனை டேபிள் மாறும்’ கேள்வியில் சிக்கும் பண்புகளுக்கு மட்டும் சினாரியோ. மீதி எல்லாம் பேக்லாக்குக்கு.

பல துறைகள் கொண்ட ஒரு கிளையன்ட்டுக்கு வேலை செய்கிறீர்கள், ஒவ்வொரு துறைக்கும் ஒரு முன்னுரிமை என்றால், பட்டறைக்கு ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள். முழு நாள் கிடைக்காவிட்டால் அரை நாளாவது. சினாரியோக்களை விட, ஓட்டெடுப்பில் யார் எதை விட்டுக்கொடுத்தார் என்பதை எல்லோரும் நேரில் பார்த்ததுதான் பிறகு அதிகம் உதவும். உயிருக்கு ஆபத்தோ சட்டக் கட்டுப்பாடோ உள்ள அமைப்பு என்றால், மோதல்களுக்கு சாஃப்ட்கோல் வரைபடமும் சேரட்டும். கால அளவு பெரிதாக இருந்து பட்ஜெட் ஆட்டம்காணக்கூடிய வேலைகளில் பிளாங்குவேஜைத் தவிர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எந்த வழியை எடுத்தாலும், எண்கள் கையெழுத்தாகும் முன் ஆர்க்கிடெக்ட் கைக்குப் போய், ஒவ்வொன்றின் எதிரிலும் செலவு எழுதித் திரும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘முடியும்’ என்று மட்டும் எழுதி வந்தால் அவர் படிக்கவில்லை என்று பொருள், திருப்பி அனுப்புங்கள்.

நிலையான விலை ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தத்தில் போக வேண்டியது தோல்வி எல்லை மட்டுமே. அதுவும் அளக்கும் வழியோடு சேர்ந்து, எந்த டேப்லெட், எந்த நேரம், எத்தனை பயனர் என்பதுவரை. இலக்கையும் ஒப்பந்தத்தில் எழுதினால் விற்பவர் தன் பாதுகாப்புக்காக விலையை ஏற்றுவார். இலக்கைத் தனி ஊக்கத்தொகையாக வைக்கலாம், அல்லது இரண்டாம் கட்ட வெளியீட்டின் தேவையாகத் தள்ளிவைக்கலாம். 5 விநாடிக்கு ஒரு விலையும் 2 விநாடிக்கு ஒரு விலையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கிய கிளையன்ட்டுக்கு, நடுவில் இருக்கும் 3 விநாடி வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க இன்னொரு கூட்டம் தேவைப்படாது.